கோ மொழியில் வேகம் கூட்டுவது: கம்பைலரில், நூலகத்தில் பார்த்தவை

இன்லைனிங்கில் தொடங்கலாம்: ஒரு ஃபங்ஷனை அழைப்பதற்குப் பதில், அதன் கோடை அழைக்கும் இடத்திலேயே கம்பைலர் பதித்துவிடுவது. கோ கம்பைலர் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு செலவு மதிப்புப் போடும். 80-ஐத் தாண்டினால் இன்லைன் ஆகாது. உள்ளே இன்லைன் ஆகாத இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அதற்கு மட்டுமே 57-க்கு மேல் போய்விடும். கம்பைலருக்கான விருப்பங்களைக் கொடுக்கும் ஜிசிஃபிளாக்ஸில் '-எம்=2' கொடுத்து பில்ட் செய்தால், எது இன்லைன் ஆகவில்லை, செலவு எவ்வளவு என்று வரி வரியாக வரும். கொஞ்சம்தான் தாண்டுகிறது என்றால், அபூர்வமாக ஓடும் கிளையைத் தனி ஃபங்ஷனாக்கி வெளியே தள்ளுங்கள். ஒரு வேலையை ஒரே முறை மட்டும் ஓட்டும், சிங்க் நூலகத்தின் 'ஒன்ஸ்.டூ' கோடைத் திறந்து பாருங்கள்: வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு அட்டாமிக் லோடு (இடையூறில்லாமல் மதிப்பைப் படிப்பது), முடியவில்லை என்றால் 'டூஸ்லோ' என்ற தனி ஃபங்ஷன். வேறு எதுவும் இல்லை. கோ 1.13 பதிப்பில் இந்த வேகப்பாதை இன்லைன் ஆனபோது ஏஎம்டி64-ல் (இன்டெல், ஏஎம்டி 64-பிட் சிபியூக்கள்) வேறு யாரும் அதே நேரத்தில் மோதாத அழைப்பு இரண்டு மடங்கு வேகமானது. அழகான வேலை!

*

மேலே சொன்னதை அளக்கும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. வேகம் அளக்கும் பெஞ்ச்மார்க்குகளின் பழைய பி.என் லூப்பில், இன்லைன் ஆன ஃபங்ஷனின் விடையை யாரும் பயன்படுத்தாவிட்டால் கம்பைலர் கணக்கையே தூக்கிவிடும். 0.3 நானோசெகண்ட் என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது வெறும் லூப். 1.24-ல் வந்த புதிய லூப் முறையான பி.லூப் இதைத் தடுக்கிறது, ஆனால் 1.24, 1.25 இரண்டிலும் அது லூப்புக்குள் இன்லைனிங்கையே நிறுத்திவிடும். இன்லைனிங்கின் பலனை அளக்க அந்தப் பதிப்புகளில் பழைய லூப்பை வைத்து, விடையை ஒரு பேக்கேஜ் மாறியில் போடுங்கள். 1.26-ல் இது சரியாகிவிட்டது.

பழைய கோடையும் புதிய கோடையும் '-கவுண்ட்=10' வைத்துப் பத்து முறை ஓட்டி, முடிவுகளை ஒப்பிடும் கருவியான பெஞ்ச்ஸ்டாட்டில் ஒப்பிடுங்கள். '~' வந்தால் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. பழையதை மொத்தமாக ஓட்டிவிட்டுப் புதியதை ஓட்டினால், சூடேறிய லேப்டாப்பில் புதியது தோற்கும். டெஸ்ட் பைனரிகளை (ஓட்டத் தயாரான கோப்புகளை) 'கோ டெஸ்ட்'டில் '-சி' போட்டு எடுத்து, மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

*

ப்ரொஃபைல் (ஓடும்போது நேரம் எங்கே செலவாகிறது என்ற பதிவு) கொடுத்து பில்ட் செய்தால், சூடான, அதாவது அதிகம் ஓடும், அழைப்புகளுக்கு அந்த இன்லைன் வரம்பு 80, 2000 ஆகிறது. நிஜ சர்வரில் எடுத்த சிபியூ ப்ரொஃபைலை 'டிஃபால்ட்.பிஜிஓ' என்று மெயின் பேக்கேஜ் டைரக்டரியில் வைத்தால் போதும், 1.21 முதல் தானாக எடுத்துக்கொள்ளும். பெஞ்ச்மார்க்கில் எடுத்த ப்ரொஃபைலை வைக்காதீர்கள். நிஜத்தில் சூடான இடம் வேறாக இருக்கும்.

*

ஒரு பிளாட்ஃபார்மில் கிடைத்த எண் இன்னொன்றில் செல்லாது. ஆர்க்யுமென்ட்டை ரெஜிஸ்டரில் (சிபியூவுக்குள்ளேயே இருக்கும் வேகமான இடம்) அனுப்பும் முறை 1.17-ல் ஏஎம்டி64-க்கு வந்தது (சுமார் 5% வேகம் கூடியது), 1.18-ல்தான் ஏஆர்எம் சிபியூக்களான ஏஆர்எம்64-க்கு வந்தது (10% அல்லது அதற்கும் மேல்). புதிய சிபியூக்களின் கட்டளைகளைப் பயன்படுத்தச் சொல்லும் கோஏஎம்டி64=வி3 வைத்து பில்ட் செய்ததைப் பழைய சிபியூவில் ஓட்டினால், தொடங்கும்போதே செய்தி காட்டி நின்றுவிடும். மிதவைப்புள்ளிக் கணக்கில்தான் அதிகக் கவனம் வேண்டும்: ஏஆர்எம்64-லும், 1.21 முதல் ஏஎம்டி64-ன் வி3-யிலும், x*y + z ஒரே கட்டளையாக இணைந்து ஒரே ஒரு முறை ரவுண்டு ஆகும். கடைசி பிட் மாறி, சரியான கோடின் டெஸ்ட்டும் விழும். எல்லா இடத்திலும் ஒரே விடை வேண்டுமென்றால் பெருக்கலின் விடையை ஃப்ளோட்64 வகைக்கு (64-பிட் தசம எண்) வெளிப்படையாக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். அப்போது இணைக்கக் கூடாது என்பது மொழி விதியிலேயே இருக்கிறது.