ஐசியூ நைட் டூட்டிக்குத் திரும்பணும், மகளுக்குத் தாய்ப்பாலும் நிற்கக்கூடாது. வழி சொல்லுங்க

வைகைக்கரை:
மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 26 வார விடுப்பு முடியப்போகிறது. மகளுக்கு இன்னும் ஆறு மாதம் நிறையவில்லை, தாய்ப்பால் மட்டும்தான். இரவு எட்டு மணிக்கு உள்ளே போனால் காலை எட்டுக்குத்தான் வெளியே. வென்டிலேட்டர் பேஷன்ட் என் பொறுப்பில் இருந்தால் சளி உறிஞ்சும் சக்ஷன், மருந்து பம்ப், மணிக்கொரு தரம் சார்ட் என்று தண்ணீர் குடிக்கக்கூட நகர முடியாது. "புட்டிப்பாலுக்குப் பழக்கிடு" என்கிறார் மாமியார். "வேலையை விட்டுடு" என்கிறார் அம்மா. ஐசியூ வேலை நான் விரும்பிக் கேட்டு வாங்கியது, விட மனசில்லை. இதே நிலையில் சமாளித்தவர்கள் சொல்லுங்கள்.

சீனியர் சிஸ்டர்:
தங்கச்சி, வேலையை விடாதே. புட்டியும் வேண்டாம், பாலாடை (பால் புகட்டும் சங்கு) போதும். பிள்ளையைத் தலை நிமிர்ந்தபடி மடியில் வைத்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டு ஓரத்தில் தொட்டு லேசாகச் சாய்க்கணும். ஒரு வாய் விழுங்கின பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும். உன் மாமியாருக்கு இதெல்லாம் கை வந்த வேலையாத்தான் இருக்கும், கேட்டுப் பார்.

டூட்டியில் சேருவதற்கு முன்னாலேயே பீய்ச்சி எடுத்துப் பழகு. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம். அதனால் நைட்டில் எடுக்காமல் விட்டால் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், நாளடைவில் சுரப்பும் குறையும். எடுத்த பால் வெளியே நாலு மணி நேரம் தாங்கும். நம்ம ஊர் வெயிலுக்கு அதையும் நம்பாதே. ஃப்ரிட்ஜில் நாலு நாள் வரை வைக்கலாம். அடுப்பில் சுட வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் குளிர்விடச் செய்யணும். ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ், பருப்பு சாதம் ஆரம்பித்துவிட்டால் பாதி பாரம் இறங்கிடும்.

எச்ஆர் கோவை:
குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை தரணும், அது வழக்கமான சாப்பாட்டு இடைவேளை போக. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்கணும், ஒரு நாளில் நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது இந்தக் காப்பக விதி. நைட் டூட்டியே போடக்கூடாது என்று மகப்பேறு விதிகளில் இல்லை, எனவே அதைக் கோரிக்கையாகத்தான் வைக்கணும். சில மாதங்களுக்கு டே ஷிஃப்ட் அல்லது டயாலிசிஸ் பிரிவு கேட்டு நர்சிங் சூப்பிரண்டெண்டுக்குக் கடிதமாகக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை ரோஸ்டர் (டூட்டிப் பட்டியல்) போடும் நாளில் நிற்காது.

அப்பாவும்தான்:
சகோதரி, கணவர் என்ன செய்யப்போகிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே? என் மனைவியும் நர்ஸ். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. என்னைப் போல் தனியாரில் இருப்பவருக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை, நிர்வாகம் மனசு வைத்தால்தான். இருந்தாலும் இரவில் பாலாடை என் கையில்தான் இருந்தது. அதைவிட முக்கியம் பகல் தூக்கம். நைட் முடித்து வருபவளை "வீட்லதான இருக்கா" என்று சமையலுக்கும் வருகிற விருந்தாளிக்கும் எழுப்புவார்கள். கதவைச் சாத்திவிட்டு, மதியம் வரை யாரும் தட்டக்கூடாது என்று வீட்டில் சொல்ல வேண்டியது உங்கள் கணவர்தான். நீங்கள் சொன்னால் சண்டையாகும்.

வைகைக்கரை:
அண்ணா, அவரிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன். இரவுப் பொறுப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டார். கடிதமும் எழுதிவிட்டேன். அக்கா, ஒரு சந்தேகம்: வார்டில் மருந்து ஃப்ரிட்ஜ் மட்டும்தான் இருக்கிறது. பாலை எங்கே வைப்பது?

சீனியர் சிஸ்டர்:
மருந்து ஃப்ரிட்ஜில் வைக்காதே, ஆடிட்டில் பிரச்சினையாகும். நன்றாக உறைந்த ஐஸ் பேக் போட்ட சின்ன ஐஸ் பாக்ஸ் கொண்டு போ, 24 மணி நேரம் தாங்கும். பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டு.