ஜார்ஜ் டவுனில் எந்தத் தெருவில் தங்கலாம்?

வணக்கம். பினாங்கு ஜார்ஜ் டவுனில், 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரத்துக்குள்ளேயே நான்கு இரவு தங்க அறை வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவும் வருகிறார். அங்கே வசிப்பவர்களும் தங்கிய அனுபவம் உள்ளவர்களும் வழி சொல்லுங்கள்.

லவ் லேன் பக்கம் வேண்டாம். மதுக்கூடங்களின் சத்தம் நள்ளிரவு தாண்டியும் ஓயாது. ஆர்மீனியன் தெருவில் பகலெல்லாம் சுவரோவியம் பார்க்க வரும் கூட்டம். மகாமாரியம்மன் கோயிலைச் சுற்றிய லிட்டில் இந்தியாதான் எங்கள் விருப்பம். சைவச் சாப்பாடு காலடியில் கிடைக்கும், படகுத்துறையும் நடை தூரம். ஆனால் குவீன் தெரு, கிங் தெரு, பாசார் தெரு மூன்றில் கடைப் பாட்டுச் சத்தம் இரவில் சீக்கிரம் அடங்குவது எங்கே?

அறை விஷயம்தான் முக்கியம். அங்கே விடுதிகள் பலவும் பழைய கடைவீடுகளில்தான் (கீழே கடை, மேலே வீடு). அவை முகப்பில் குறுகி உள்ளே நீண்டு போகும். நடு அறைகளுக்குத் தெருப்பக்கச் சன்னல் இராது. முற்றத்து வெளிச்சம் மட்டும், மழை நாளில் ஈர வாடை. முன் அறையில் காற்று வரும், கூடவே பைக் சத்தமும். படிகள் செங்குத்து, பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. மரத்தளம் என்றால் மேலே நடப்பது கீழே கேட்கும்.

ஆகவே தரைத்தளத்தில், குளியலறை சேர்ந்த, சன்னல் உள்ள அறை தரும் விடுதி தெரிந்தால் தெருப் பெயரோடு சொல்லுங்கள். குளியலறை வாசலில் படி உண்டா என்பதையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள்.