வாங் அன்ஷி, சிமா குவாங்: மதிப்பா, அரசவை நாகரிகமா?

கேள்வி:
சீனாவின் சோங் அரசமரபின் வரலாற்றைப் படிக்கையில் ஓர் ஐயம் எழுந்தது. பேரரசர் ஷென்சோங்கின் ஆதரவோடு அமைச்சர் வாங் அன்ஷி 1069இல் தொடங்கிய சீர்திருத்தங்களை வாழ்நாள் முழுதும் எதிர்த்த அரசியலாளரும் வரலாற்றாசிரியருமான சிமா குவாங், 1086இல் வாங் இறந்தபோது அவருக்கு உயரிய மரியாதை செய்யுமாறு வற்புறுத்தினார். இதை உண்மையான மதிப்பாகக் கொள்ளலாமா?

மறுமொழி 1:
கொள்ளலாம். 1070இல் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பாருங்கள். உழவர்களுக்கு அரசே 20 விழுக்காடு வட்டிக்குக் கடன் தரும் திட்டம், அவர்களை வட்டிக்காரர்களிடமிருந்து மீட்கும் என்று வாங் நம்பினார். அதிகாரிகள் கடனை வலிந்து திணிப்பார்கள் என்று சிமா அஞ்சினார். வாங் எழுதிய மறுமொழி, தங்கள் நெடுநாள் நட்பை நினைவுகூர்ந்து, அரசுக் காரியங்களில் மட்டும் கருத்து ஒத்துப்போகாததற்கு இருவரும் கைக்கொண்ட வழி வேறாக இருப்பதே காரணம் என்று சொல்லிவிட்டு, குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக மறுக்கிறது. வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. பிறகு சிமா லுவோயாங் நகருக்கு ஒதுங்கி, 294 பாகங்கள் கொண்ட வரலாற்று நூலை 1084இல் முடித்தார்.

மறுமொழி 2:
நோய்ப்படுக்கையிலிருந்து சிமா தம் சக அமைச்சர் லூ கோங்சுவுக்கு எழுதிய கடிதமே முதன்மையான சான்று. எழுத்திலும் ஒழுக்கத்திலும் வாங் பலரை விஞ்சியவர் என்கிறார்; நடைமுறை அறியாதவர், தம் பிழையையே பிடித்துக்கொண்டு நின்றவர் என்றும் அதே மூச்சில் சொல்கிறார். வெறும் நாகரிகத்திற்காக எழுதுகிறவர் இந்த இரண்டாம் பாதியை எழுதியிருக்க மாட்டார். காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவர்கள் இறந்தவரை இனித் தூற்றுவார்கள் என்ற கவலையும் அதில் இருக்கிறது.

மறுமொழி 3:
இருவருக்குமிடையில் மதிப்பு இருந்ததை மறுக்கவில்லை. வாங்கின் சீர்திருத்தங்களை எதிர்த்து, 1079இல் கவிதைகளுக்காகச் சிறைப்பட்ட கவிஞர் சு ஷி, 1084இல் ஜியாங்நிங்கில் (இன்றைய நான்ஜிங்) ஓய்விலிருந்த வாங்கைத் தேடிச் சென்று, உம்மைப் பின்பற்றுவதில் பத்தாண்டு பிந்திவிட்டேன் என்று பாடியதும் இந்த வகைதான். ஆனால் அந்தப் பண்பு அடுத்த தலைமுறைக்குச் செல்லவில்லை. 1086இல், வாங் கொண்டுவந்த ஊதியம் பெறும் பணியாளர் முறையை ஒழித்து, பழைய கட்டாய ஊழிய முறைக்கு ஐந்தே நாளில் திரும்ப வேண்டும் என்று, மீண்டும் ஆட்சிப்பொறுப்புக்கு வந்திருந்த சிமா ஆணையிட்டார். காலக்கெடு மிகக் குறுகியது என்று மற்றவர்கள் தயங்க, தலைநகர் கைஃபெங்கின் ஆட்சியாளர் மட்டும் சொன்னபடி முடித்துக்காட்டி, சிமாவின் பாராட்டையும் பெற்றார். அவர் பெயர் த்சாய் ஜிங். பின்னாளில் வாங்கின் பெயரைச் சொல்லி ஆட்சி செய்த அவர்தான், 309 பேரைத் துரோகக் கும்பல் எனக் கல்லில் பொறிக்கச் செய்தார். அதில் சிமாவும் இருந்தார், சு ஷியும் இருந்தார்.