பவளத் தொட்டியில் புது மீன் தங்க மாட்டேன் என்கிறது. எதை, எந்த வரிசையில் விடுவது?

நாலடித்தொட்டி:
தொட்டி 120 × 45 × 50 செ.மீ. கணக்குக்கு 270 லிட்டர். பாறையும் மணலும் போகத் தண்ணீர் 220 லிட்டர் இருக்கும். கீழே 60 லிட்டர் சம்ப் (வடிகட்டும் கீழ்த்தொட்டி), ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) உண்டு. பாறை 25 கிலோ, மணல் 3 செ.மீ. ஓடத் தொடங்கி ஏழு மாதம். மூடி கிடையாது, மேலே விளக்கு தொங்குகிறது.

வெப்பம் 26 டிகிரி, உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.06 பிபிஎம், காரத்தன்மை 8.5 டிகேஹெச்.

உள்ளே இருப்பவை: ஆசெல்லாரிஸ் க்ளௌன் இரண்டு, தொட்டியை சைக்கிள் பண்ணும்போது (கழிவை மாற்றும் பாக்டீரியா வளரவிடும்போது) முதலில் விட்ட டாமினோ டாம்செல் ஒன்று (இப்போது 7 செ.மீ.), க்ளீனர் இறால் இரண்டு, நத்தைகள், ஐந்தாறு ஹெர்மிட் நண்டுகள். பவளங்களில் ஜோவாந்திட், ஹாமர், ட்ரம்பெட்.

மூன்றாம் மாதம் பச்சை க்ரோமிஸ் ஐந்து விட்டேன். இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாகப் போய் இப்போது ஒன்றுதான் மிச்சம். போன மாதம் ஃபயர்ஃபிஷ் ஒன்று வந்தது. மூன்றாம் நாள் காலையில் தரையில் காய்ந்து கிடந்தது. அடுத்து விட நினைப்பவை: நீல டாங், சிக்ஸ்லைன் ராஸ், மாண்டரின், ஃபிளேம் ஏஞ்சல், காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை, ராயல் கிராமா. இதில் எவை ஒத்துப்போகும்? தண்ணீரில் வேறு எதையாவது சோதிக்க வேண்டுமா?

உவர்நீர்:
தண்ணீரை விட்டுவிடுங்கள், அதில் குறையில்லை. முதலில் அந்த டாமினோவை வெளியே எடுங்கள்.

டாமினோ 14 செ.மீ. வரை வளரும். வளர வளர வெள்ளைப் புள்ளிகள் மங்கும், குணம் மட்டும் மங்காது. முதலில் வந்து ஏழு மாதம் தனிக்காட்டு ராஜாவாக இருந்திருக்கிறது, ஆகவே மொத்தப் பாறையும் தன்னுடையது என்றே அது நினைக்கும். ஃபயர்ஃபிஷ் பயந்தால் இரண்டே வேலைதான் செய்யும்: பொந்துக்குள் போகும், இல்லையென்றால் மேலே பாயும். பொந்து டாமினோவிடம், மேலே மூடி இல்லை.

க்ரோமிஸ் கதை வேறு. அதற்கு டாமினோவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஐந்தாறு க்ரோமிஸ் ஒன்றாக விட்டால் தங்களுக்குள்ளேயே வரிசை போட்டுக்கொண்டு, கடைசியில் இருப்பதைக் கொத்திக் கொத்தி ஒழித்துவிடும். அடுத்து அதற்கு முந்தியது. இறந்தவற்றின் உடம்பில் சிவந்த புண் இருந்ததா? இருந்தால் யூரோனெமா என்ற ஒட்டுண்ணியையும் சந்தேகிக்க வேண்டும், க்ரோமிஸில் அது அடிக்கடி வரும். மிச்சமிருக்கும் ஒன்று நன்றாகத் தின்கிறது என்றால் அப்படியே இருக்கட்டும். அதற்குத் துணை தேடாதீர்கள்.

இனி பட்டியல். ஒரு மீன் ஒத்துப்போகுமா என்பதற்கு மூன்று கேள்வி போதும். முழு வளர்ச்சியில் எவ்வளவு பெரியது? எதைத் தின்னும்? அதே உருவம், அதே நிறம், அதே இரை உள்ள மீன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா?

நீல டாங் வேண்டாம். 30 செ.மீ. வரை வரும், நாள் முழுக்க நீந்தும், ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய்க்கு முதலில் விழுவதும் அதுதான். ஆறடித் தொட்டிக்கான மீன். நாலடியில் டாங் வேண்டுமென்றால் டோமினி டாங் ஒன்று, 15 செ.மீ.க்குள் நின்றுவிடும், பாறை மீது படியும் மெல்லிய பாசியைச் சுரண்டித் தின்னும். ஒன்றே ஒன்று.

சிக்ஸ்லைன் சின்ன மீன், 10 செ.மீ.க்கு மேல் போகாது. ஆனால் டாமினோவை எடுத்துவிட்டு இதை விட்டால் ஒரு தாதாவுக்குப் பதில் இன்னொரு தாதா. அதனிடத்தில் மஞ்சள் ராஸ் (ஹாலிகோரஸ் கிரைசஸ்) போடுங்கள். 12 செ.மீ. வரை வளரும், தட்டைப் புழுக்களைத் தேடித் தின்னும், பவளத்தைத் தொடாது. இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும் என்பதால் 3 செ.மீ. மணல் பற்றாது, ஒரு மூலையிலாவது நைசான மணல் 5 செ.மீ. வேண்டும். விட்ட அன்று மணலுக்குள் போய் இரண்டு மூன்று நாள் வராமலும் இருக்கும். செத்துவிட்டது என்று கிளறிப் பார்க்காதீர்கள்.

காப்பர்பேண்ட்: சாப்பிட வைப்பதே பெரும்பாடு. க்ளௌன்கள் தின்கிற வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. குழாய்ப் புழுக்களைக் கொத்தித் தீர்த்துவிடும், சதைப்பற்றான பவளத்தையும் சில கொத்தும். ஐப்டேசியாவை (களை போலப் பரவும் சிறு கடல் அனிமோனை) ஒழிக்கத்தான் அதை நினைத்தீர்கள் என்றால் பெப்பர்மின்ட் இறால் மூன்று நான்கு போதும். வாங்கும்போது கேமல் இறாலைப் பெப்பர்மின்ட் என்று கொடுத்துவிடுவார்கள், கவனம். கேமலுக்கு முதுகில் கூனும், சிவப்பு உடம்பில் அழுத்தமான வெள்ளைக் கோடுகளும் இருக்கும். பெப்பர்மின்ட் மங்கலாக, கண்ணாடி போலத் தெரியும். கேமல் உங்கள் ஜோவாந்திடைத் தின்றுவிடும்.

இரவுவெளிச்சம்:
உவர்நீர் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். அவர் தொடாமல் விட்டவை மூன்று.

மாண்டரின் சண்டைக்குப் போகாது, பவளத்தைத் தொடாது. ஆனால் இங்கே பட்டினி கிடந்து சாகும். நாள் முழுக்கப் பாறையில் ஊரும் கோபிபாடுகளை (கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சின்ன ஓட்டுடலிகளை) ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும் மீன் அது. உறைந்த இரையைக் கடையில் இருந்த மாண்டரின் தொடும் என்று நம்பி வாங்காதீர்கள். தொட்டி தயாரா என்று தெரிந்துகொள்ள, விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடியிலும் பாறை விளிம்பிலும் டார்ச் அடியுங்கள். வெள்ளை எள் போல நகரும் பூச்சிகள் பார்த்த இடமெல்லாம் இருக்க வேண்டும். தேடிப் பார்த்து நாலைந்து கிடைத்தால், ஒரே வாரத்தில் மாண்டரின் அத்தனையையும் காலிசெய்துவிடும். சம்பில் ஒரு பகுதியைப் பிரித்து, கேட்டோ என்ற நூல் போன்ற பாசி வளர்த்து, அதில் கோபிபாட் பெருகவிட்டு, தொட்டிக்கு ஒரு வயது ஆனபின் யோசியுங்கள். மஞ்சள் ராஸும் கோபிபாட் தின்னும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டும் வேண்டுமென்றால் மாண்டரினின் விலாவை அடிக்கடி பாருங்கள். தலைக்குப் பின்னால் வயிறு ஒட்டி உள்வாங்கினால் இரை போதவில்லை என்று பொருள்.

ஃபிளேம் ஏஞ்சல் சூதாட்டம். ஒன்று வருடக்கணக்கில் எதையும் தொடாது, இன்னொன்று இரண்டாம் வாரமே ட்ரம்பெட்டின் சதையைக் கொத்தும். ஹாமரும் ஜோவாந்திடும் கொத்து வாங்கினால் நாள் முழுக்க மூடியே கிடக்கும். கொத்தத் தொடங்கிய ஏஞ்சலைப் பிடிக்கப் பாறையைக் கலைக்க வேண்டும். பவளமா ஏஞ்சலா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த மூன்று பவளத்தோடு நான் விடமாட்டேன்.

அவற்றுக்குப் பதிலாக, தரைக்கு மஞ்சள் வாட்ச்மேன் கோபியும் ராண்டால் பிஸ்டல் இறாலும் சேர்ந்த ஜோடி. இறால் வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். வளை பாறைக்கு அடியில் போகும் என்பதால் பாறை மணல் மேல் நிற்கக் கூடாது. தொட்டியின் அடியில் நேராக உட்கார வேண்டும், இல்லையென்றால் சரிந்துவிடும். பாறை இடுக்குக்கு டெய்ல்ஸ்பாட் பிளென்னி ஒன்று, 6 செ.மீ.தான். கிராமா உங்கள் பட்டியலிலேயே சரியான தேர்வு, ஒன்று மட்டும்.

நாலடித்தொட்டி:
இறந்த க்ரோமிஸில் ஒன்றின் விலாவில் சிவப்பாக இருந்தது உண்மை. டாமினோவை வலையால் பிடிக்க முயன்றேன், நடக்கவில்லை. பாறையைக் கலைத்தால் ஹாமர் உடையும். வேறு வழி? புது மீனை முதலில் தனியே வைத்துக் கவனிக்கும் தனித்தொட்டி வைக்க இடமும் இல்லை.

பாறைமீன்:
வலையோட தொரத்தாதீங்க, இன்னும் உஷாராயிடும். பொறி வைங்க. ஒரு பிளாஸ்டிக் குளிர்பான பாட்டிலை மேல் பக்கம் வெட்டி, வாயைத் தலைகீழா உள்ள செருகினா போதும். மூணு நாள் தொட்டியில அதுபாட்டுக்குக் கிடக்கட்டும், இரையை அதுக்குள்ள மட்டும் போடுங்க. மத்த இடத்துல போடக் கூடாது. டாமினோ தைரியசாலி, க்ளௌனுக்கு முன்னாடி அதுதான் உள்ள போகும். க்ளௌன் மாட்டினா திருப்பி விட்டுட்டு மறுபடி வைங்க. காலையில வெளக்கு போட்டவுடனே, பசியோட இருக்கும்போது நல்லா வேலை செய்யும்.

அடுத்தது மூடி. 6 மி.மீ. கண்ணுள்ள தெளிவான வலையைச் சட்டத்துல இழுத்துக் கட்டுங்க. கண்ணாடி மூடினா காத்துப் பரிமாற்றம் குறையும், வெளிச்சமும் குறையும். பம்பு ஒயர் வர்ற இடத்துல விரல் அளவு சந்துகூட விடாதீங்க. ராஸ், ஃபயர்ஃபிஷ், கோபி எல்லாமே அந்தச் சந்தைத்தான் கண்டுபிடிக்கும்.

இரவுவெளிச்சம்:
தனித்தொட்டிக்கு இடமில்லை என்பதை ஏற்க முடியாது. 40 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர், ஒளிய இரண்டு பிவிசி எல்போ. மீன் உள்ளே இல்லாத நாளில் காலிசெய்து அலமாரிக்குள் வைத்துவிடலாம். ஸ்பாஞ்சை இன்றே சம்பில் போடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பாக்டீரியா ஏறியிருக்கும். பாறையோ மணலோ வேண்டாம், அவை மருந்தை உறிஞ்சும்.

புது மீன் அங்கே நான்கு முதல் ஆறு வாரம். வெண்புள்ளி தெரிந்தால் தாமிர மருந்து அங்கேதான், பெரிய தொட்டியில் ஒரு சொட்டுகூடக் கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். பெரிய தொட்டியிலேயே வெண்புள்ளி நுழைந்துவிட்டால் மீன் அத்தனையையும் வெளியே எடுத்து 76 நாள் அதைக் காலியாக ஓட்டுவது வழக்கம். அந்த 76 நாளை நினைத்தால் 40 லிட்டர் பெட்டிக்கு இடம் கிடைத்துவிடும்.

பையிலிருந்து மாற்றும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. நீண்ட பயணத்தில் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். அதனால் அங்கே உள்ள அம்மோனியா பெரிதும் தீங்கில்லாத அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஹெச் ஏறும், அது நச்சு வடிவுக்கு மாறும். அந்தத் தண்ணீரிலேயே இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கலப்பது மீனுக்கு நல்லதல்ல. பையைத் திறக்காமல் மிதக்கவிட்டு 15 நிமிடம் வெப்பத்தைச் சமன்செய்யுங்கள். திறந்தவுடன் ஒப்படர்த்தியை அளந்து, தனித்தொட்டியை அதே அளவுக்கு வைத்து, மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைகளில் 1.018, 1.020 என்று தாழ்வாக வைத்திருப்பது சகஜம். அங்கிருந்து 1.025-க்கு ஒரே நாளில் ஏற்றாமல், நாளுக்கு 0.002 வீதம் ஏற்றுங்கள்.

உவர்நீர்:
வரிசையும் சொல்லிவிடுகிறேன். டாமினோ போனபின் இரண்டு வாரம் எதுவும் சேர்க்க வேண்டாம், க்ளௌன்கள் புது எல்லை போட்டு முடிக்கட்டும். யூரோனெமா சந்தேகம் வேறு இருக்கிறது, அதனால் க்ரோமிஸ் இனி வேண்டவே வேண்டாம். பிறகு கோபி, இறால் ஜோடி. அடுத்து பிளென்னி, கிராமா. அதன்பின் ராஸ். டாங் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று நான்கு வாரம், நைட்ரேட்டைப் பார்த்துக்கொண்டே.

தனித்தொட்டியிலிருந்து வந்த மீனை நேராக விடாமல், துளையிட்ட தெளிவான பெட்டியில் வைத்துத் தொட்டிக்குள்ளேயே மூன்று நாள் தொங்கவிடுங்கள். பழைய மீன்கள் முட்டி மோதிப் பார்த்து அலுத்துவிடும். நாலாம் நாளும் க்ளௌன் பெட்டியை விடாமல் கொத்தினால் இன்னும் சில நாள் வைத்திருங்கள். ராஸுக்கு அந்தப் பெட்டியில் ஒரு சின்னக் கிண்ணம் மணல் வேண்டும். டாங் விடும் நாளில் வெளிக்கண்ணாடியில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால், சண்டைக்காரர் தன் நிழலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

நாலடித்தொட்டி:
டாமினோ பாட்டிலில் மாட்டிக்கொண்டது, இரண்டாம் நாளே. மூடி வலையும் போட்டாயிற்று. ஸ்பாஞ்சு சம்பில் கிடக்கிறது. கடையில் கிராமா ஒன்று இருக்கிறது, அதைத் தனியாகப் பிடித்து வைக்கச் சொல்லலாமா? முன்பாதி கத்தரிப்பூ நிறம், பின்பாதி மஞ்சள், நடுவில் கத்தியால் வெட்டியது போல நேர்க்கோடு. துடுப்பு நிறமில்லாமல் கண்ணாடி போல இருக்கிறது.

பாறைமீன்:
அது கிராமா இல்லைங்க, ராயல் டாட்டிபேக். கிராமாவுக்கு ரெண்டு நிறமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புள்ளிபுள்ளியா கலந்து இறங்கும், துடுப்புலயும் நிறம் ஏறியிருக்கும், முதுகுத் துடுப்பு முன்னால ஒரு கறுப்புப் பொட்டு, கண்ணு வழியா கறுப்புக் கோடு ஒண்ணு போகும். டாட்டிபேக்குக்கு அந்தப் பொட்டு இருக்காது. குணத்துல அதுவும் டாமினோவோட பங்காளிதான். பிடிச்சு வைக்கச் சொல்லாதீங்க.