புதுப்பிப்பு: 7.1 மெகாஹெர்ட்ஸ் வயர் லூப் ஆண்டெனா, எஸ்.டபிள்யூ.ஆர் இறங்கிவிட்டது

யோசனை சொன்ன அண்ணாச்சிமாருக்கு நன்றி. பிரச்சினை இதுதான்: பணகுடியில் ரெண்டு பனைக்கு நடுவே கட்டின முழு அலை (வயர் நீளம் ஒரு அலைநீளம்) முக்கோண லூப்பை 50 ஓம் கேபிளில் நேரடியாகச் சேர்த்தால் எஸ்.டபிள்யூ.ஆர் (ஆண்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துது என்று காட்டும் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 2-க்குக் கீழே வரவில்லை.

கைகொடுத்தது 75 ஓம் கால் அலைக் கேபிள் (அலைநீளத்தில் கால்பங்கு நீளத் துண்டு) யோசனை. லூப் முனையில் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) சுமார் 110 ஓம்; இடையில் இந்தத் துண்டு வந்தால் 50 பக்கம் இறங்கிவிடும். நுரை இன்சுலேஷன் உள்ள டிவி கேபிள் ஆர்ஜி-6, வேகக் காரணி (வெட்டவெளி வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் கேபிளுக்குள் அலை போகும் என்பது) 0.82, அதனால் 8.66 மீட்டர். இப்போது எஸ்.டபிள்யூ.ஆர் 1.2 காட்டுது. 4:1 பலூன் (ஓமைக் கால்பங்காக்கும் டிரான்ஸ்பார்மர்) இதற்கு ஆகாது, 110-ஐ 27 ஆக்கி மறுபக்கம் தள்ளிவிடும்.

எதிர்பாராதது, ஆர்ஜி-6 கேபிளின் வெளிக்கம்பிப் பின்னல் அலுமினியம். சால்டரிங் ஈயம் ஒட்டவே ஒட்டாது! எஃப் கனெக்டரை (டிவி கேபிள் முனையில் வரும் திருகு இணைப்பு) கிரிம்ப் செய்து, அதாவது நசுக்கிப் பொருத்தி, மேலே ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றணும்.

வயர் கணக்கு 306 ÷ 7.1, அதாவது 43.1 மீட்டர். பிவிசி உறை இருப்பதால் 6.9 மெகாஹெர்ட்ஸிலேயே ஒத்திசைந்தது. கொஞ்சங்கொஞ்சமாக மொத்தம் 1.2 மீட்டர் நறுக்கினதும் சரியானது.

ஆடிக்காற்றுக்குப் பனை ஆடும். ஒரு முனைக் கயிற்றைக் கப்பியில் ஓட்டி, மணல் நிரப்பின கேனைத் தொங்கவிட்டால் வயர் அறாது.