'சன்ரைஸ்' தலைப்பு அட்டைகளைத் தமிழாக்க உதவி வேண்டும்

நண்பர்களே, முர்னோ இயக்கிய 'சன்ரைஸ்' (1927) மௌனப் படத்தை எங்கள் ஊர் நூலகத்தில் திரையிடப் போகிறோம். வரும் கூட்டத்துக்காக, காட்சிகளுக்கு நடுவே திரையில் எழுத்தாக வரும் வசன அட்டைகளைத் தமிழாக்குகிறேன். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

படத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. கணவன், மனைவி, நகரத்துப் பெண், அவ்வளவுதான். 'பட்டணத்துக்காரி' என்று போட்டால் அந்த ஒரு சொல்லிலேயே தீர்ப்பும் வந்துவிடுகிறது. 'நகரத்துப் பெண்' என்றால் ஏதோ கணக்கெடுப்புப் படிவம் மாதிரி சப்பென்று இருக்கிறது. கறுப்பு உடையும் சிகரெட்டுமாக ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் சீழ்க்கை அடிப்பாள். மனைவி சாப்பாட்டோடு திரும்பி வருவதற்குள் கணவன் கிளம்பிப் போயிருப்பான். அந்த இழுப்பு சொல்லில் வர வேண்டும், வசவு வரக்கூடாது.

அடுத்தது, மனைவியைத் தண்ணீரில் மூழ்கடிக்கலாமே என்று அந்த நகரத்துப் பெண் கணவனைத் தூண்டும் அட்டை. அதில் எழுத்துகளே கரைந்து கீழே வழியும். "அவ தண்ணில மூழ்கிட்டா என்ன?" என்று எழுதிப் பார்த்தேன். கொஞ்சல் இருக்கிறது, விஷம் குறைகிறது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

இன்னொன்றும் கேட்கிறேன். கொல்லத் துணிந்தவனை அன்றைக்கே, ஒரு தேவாலயக் கல்யாணத்தைப் பார்த்து அவன் அழுததும் மனைவி மன்னித்துவிடுகிறாள். மனைவியாக நடித்த ஜேனட் கேனரின் முகம் என்னை நம்ப வைத்தது, ஆனால் என் தங்கைக்குக் கோபம்தான் வந்தது. படம் முடிந்ததும் இதைப் பேச்சாக்க எந்தக் கேள்வியில் தொடங்கலாம்? மொழிபெயர்ப்பில் பழகியவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.