4294967297 பகா எண்ணா? பைத்தானில் மீதி 1, சி-யில் 0 வருகிறது

கேள்வி:
2^32 + 1, அதாவது 4294967297, பகா எண்தானா என்று ஃபெர்மா சோதனையில் பார்க்கிறேன். அடிமானம் 2. அதை 32 முறை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் இந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பகா எண்ணாக இருந்தால் கடைசியில் மீதி 1 வந்தாக வேண்டும். பைத்தானில் கடைசி மீதி 1. அதே கணக்கு சி-யில், அன்சைன்ட் 64 பிட் மாறியில், 0 தருகிறது. எதை நம்புவது?

பதில் 1:
1 என்பதே சரியான மீதி. ஆனால் அதை வைத்துப் பகா எண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 641 × 6700417 = 4294967297. 1732-இல் ஆய்லர் கண்ட காரணி இது. 2^1 + 1, 2^2 + 1, 2^4 + 1 என்று அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள் என்பதால் இந்த வரிசை முழுதும் அப்படியே போகும் என்று ஃபெர்மா கருதினார். அடுத்த எண்ணிலேயே அது உடைந்துவிட்டது.

சி-யில் நடப்பதைப் பாருங்கள்: 2, 4, 16, 256, 65536, 4294967296. இந்தக் கடைசி மீதியை வர்க்கப்படுத்தினால் 2^64. மாறியில் அடங்குவதோ 2^64 − 1 வரைதான். ஒன்றே ஒன்று கூடியதால் முழுதும் வழிந்து 0 ஆகிவிடுகிறது. அதன்பின் எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் 0 தான். பெருக்கலை 128 பிட்டில் செய்யுங்கள். வகுக்கும் எண்ணை எங்காவது 32 பிட் மாறியில் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அங்கே அது 1 ஆகச் சுருங்கிவிடும். எதை 1-ஆல் வகுத்தாலும் மீதி 0, ஆக இரண்டு பிழைக்கும் ஒரே விடை.

பதில் 2:
சோதனை ஏமாந்ததற்குக் காரணம் அடிமானம். 2^32 நம் எண்ணைவிட ஒன்று குறைவு, எனவே அதன் மீதி −1 என்பது எண்ணின் வடிவத்திலேயே இருக்கிறது. அடுத்த வர்க்கம் 1, பிறகு கடைசி வரை 1. நடுவில் −1 தென்படுவதால், ஃபெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையும் அடிமானம் 2-இல் இதைத் தப்பவிட்டுவிடும். 3-ஐ வைத்து அதே 32 வர்க்கங்களைப் போடுங்கள்: மீதி 3029026160. 1 வரவில்லை, எனவே பகு எண். உங்கள் நிரல் சரிதானா என்று பார்க்கவும் இந்த மீதி உதவும்.

கேள்வி கேட்டவர்:
3-இல் அதே மீதி வந்துவிட்டது, நன்றி. 641-ஐக் கையால் எட்ட முடியுமா?

பதில் 3:
முடியும், அதுவும் இரண்டே முயற்சியில். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருந்தாக வேண்டும். 129, 257, 385, 513, 641 என்று போனால், பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டுமே. 257-ஆல் வகுத்தால் மீதி 2.

641-க்கு வகுத்தலே வேண்டாம். 641 = 5 × 2^7 + 1; அதே 641 = 5^4 + 2^4. முதலாவதன்படி 5 × 2^7-இன் மீதி −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 5^4 × 2^28-இன் மீதி 1. இரண்டாவதன்படி 5^4-க்குப் பதில் −2^4 போடலாம். கிடைப்பது: −2^32-இன் மீதி 1. அப்படியானால் 2^32 + 1 மீதியின்றி வகுபடும்.

மற்றக் காரணி 6700417 பகா எண்தானா என்பதற்கும் இதே சல்லடைதான்; அதன் காரணிகள் முதல் எண்ணுக்கும் காரணிகளே. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2588. அதற்குள் இந்த வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் வகுக்கவில்லை, பகா எண்தான்.